பழைய டெசோரோ வாங்குகிறீர்களா? 'மைக்ரோமேக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் உஷார்!

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய மெட்டல் டிடெக்டர் தேடும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கடை, டெசோரோ கம்பெனியின் பாண்டிடோ மாடலுக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டு, அதைவிட மலிவான சில்வர் மாடலை என் தலையில் கட்டப் பார்த்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்த வேலையைத் தெரிந்துகொண்டால், வேறு எந்தக் கடை அதையே செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

டெசோரோ என்பது அரிசோனா மாநிலத்து பிரெஸ்காட் ஊரில் ஜாக் கிஃபோர்ட் 1980இல் தொடங்கிய சின்ன நிறுவனம். அவர்களுடைய பெரும்பாலான டிடெக்டர்களில் திரை கிடையாது, எண் எதுவும் காட்டாது. குமிழைத் திருப்பிவிட்டு, சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் தோண்டலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டும். இந்தக் காலத்திலும் அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது, நானும் அதில் ஒருவன். 2018இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு விற்பனைக்கு வருவது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திய சரக்குதான், நல்ல மாடல்களுக்கு விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

இவர்கள் பெயர் வைத்த விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த சில்வர் சேபர், கோல்டன் சேபர், பாண்டிடோ எல்லாமே கொஞ்சம் பெரிய பெட்டி வைத்தவை. அப்புறம் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸைச் சுருக்கி, ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். மொத்த எடை சுமார் 2.2 பவுண்டு, அதாவது ஒரு கிலோதான். நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது. இந்தக் குட்டி உடலுக்கு வைத்த பெயர்தான் மைக்ரோமேக்ஸ். 'மைக்ரோ' என்பதற்கு µ என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு µMAX என்று எழுதுவார்கள். அந்த எழுத்தைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, விற்பவர்கள் ஆங்கில யூ எழுத்தைப் போட்டு 'யூமேக்ஸ்' என்று எழுதுவார்கள். தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

பழைய மாடல்களைக் குட்டி உடலுக்கு மாற்றியபோது பழைய பெயரையும் அவர்கள் விடவில்லை. சில்வர் சேபர் முதலில் சில்வர் சேபர் மைக்ரோமேக்ஸ் ஆனது, பிறகு வெறும் சில்வர் மைக்ரோமேக்ஸ் ஆனது. கோல்டன் சேபரின் வழியில் கோல்டன் மைக்ரோமேக்ஸ் வந்தது. பாண்டிடோவில் பாண்டிடோ, பாண்டிடோ 2, பாண்டிடோ மைக்ரோமேக்ஸ், பாண்டிடோ 2 மைக்ரோமேக்ஸ் என்று நான்கு பெயர். அதற்கும் பிறகு கொம்பாத்ரே, சிபோலா, வக்கேரோ என்று புதுப் பெயர்களில் வந்தவையும் அதே குட்டிப் பெட்டிதான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் விலையில் ஒன்றுக்கு இன்னொன்று இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

எனக்குத் தேவைப்பட்டது பாண்டிடோ 2 மைக்ரோமேக்ஸ். நான் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே. இங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும், அத்தனையும் இரும்புச் சத்து. மண்ணில் இருக்கும் இந்தத் தாதுவே டிடெக்டருக்கு ஒரு சிக்னல் மாதிரி தெரியும். அதைக் கழித்துவிட்டுக் காசை மட்டும் கேட்க வைப்பதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். சில்வர் மைக்ரோமேக்ஸிலும் கொம்பாத்ரேயிலும் அதைத் தொழிற்சாலையிலேயே ஓர் அளவில் நிறுத்தி அனுப்பிவிடுவார்கள், நாம் மாற்ற முடியாது. சாதாரண பூங்கா மண்ணுக்கு அது போதும். எங்கள் செம்மண்ணில் ஆழம் குறைந்துபோகும், சும்மா சும்மா கத்தும். பாண்டிடோவில் அதற்கென்று தனிக் குமிழ் உண்டு, மண்ணுக்குத் தகுந்தபடி நாமே திருப்பி வைத்துக்கொள்ளலாம். நான் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்ததே அந்த ஒரு குமிழுக்காகத்தான்.

விளம்பரத்தின் தலைப்பில் 'டெசோரோ யூமேக்ஸ், பாண்டிடோ சீரிஸ்' என்று இருந்தது. படம் பாண்டிடோ 2 மைக்ரோமேக்ஸ்தான், கிரவுண்ட் பேலன்ஸ் குமிழ் தெளிவாகத் தெரிந்தது. கீழே விவரத்தில் 'ஆயுட்கால வாரண்டி உள்ள மாடல்' என்று ஒரு வரி. விலை 425 டாலர். படத்தில் இருப்பதுதானே வரும் என்று எழுத்தில் கேட்டேன். "ஆமாம், மைக்ரோமேக்ஸ், நல்ல நிலையில் இருக்கிறது" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான் கேட்டதற்கு 'ஆமாம்' இருக்கிறது, பாண்டிடோ என்ற சொல் மட்டும் இல்லை! நண்பருக்குப் பணம் அனுப்புகிற வழியில் கட்டினால் 25 டாலர் குறைப்பதாகவும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கிரெடிட் கார்டில்தான் கட்டினேன்.

பார்சல் வந்தது. முகப்பில் சில்வர் மைக்ரோமேக்ஸ் என்று அச்சடித்தே இருந்தது. கிரவுண்ட் பேலன்ஸ் குமிழ் இல்லை. பேட்டரி மூடியைத் தள்ளினால் உள்ளே 9 வோல்ட் கிளிப்பின் முனையில் பச்சைப் பாசி மாதிரி துரு. காயிலுக்கு, அதாவது தரைக்கு மேலே வீசுகிற தட்டுக்கு, அடியில் புத்தம்புதுப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். மற்ற எல்லாம் பழசாக இருக்க இது மட்டும் ஏன் பளபளக்கிறது என்று கழற்றினேன். காயிலின் ஓரத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதன்மேல் பசை. ஈரப் புல்லில் இரண்டு முறை வீசினால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆன் செய்து ஒரு நிக்கல் காசைக் காட்டினால் கேட்டது, ஆனால் கேபிளைக் கொஞ்சம் அசைத்தாலே தானாகக் கத்தியது.

சில்வர் மைக்ரோமேக்ஸ் மோசமான கருவி என்று சொல்ல வரவில்லை. சாதாரண மண் உள்ள ஊரில் இருப்பவருக்கு, நல்ல நிலையில் கிடைத்தால், அருமையான சாமான். ஆனால் அது பாதி விலைக்குக் கிடைக்கும்.

கடைக்கு எழுதினேன். முதல் பதிலில், மைக்ரோமேக்ஸ் என்பதுதான் மாடல், சில்வரும் பாண்டிடோவும் 'பேக்கேஜ் பெயர்கள்' என்றார்கள். காரில் டீசல், பெட்ரோல் என்று வருவதைப் போலவாம். இரண்டு மாடலின் முகப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அடுத்த பதிலில் குரல் மாறியது: படம் 'மாதிரிக்கு' மட்டும், விளம்பரத்தின் கடைசியில் அப்படிப் போட்டிருக்கிறோம் என்றார்கள். போட்டிருந்ததுதான், பொடி எழுத்தில். திருப்பி அனுப்பலாம், ஆனால் விலையில் கால்பங்கைப் பிடித்துக்கொள்வோம், கூரியர் செலவும் உங்களுடையது என்றார்கள். விரிசலைப் பற்றிக் கேட்டால், "வாரண்டி இருக்கிறதே, கம்பெனிக்கு அனுப்புங்கள்" என்று பதில்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த வாரண்டி பதிலில்தான். டெசோரோ ஆயுட்கால வாரண்டி கொடுத்தது உண்மை. அது முதலில் வாங்கியவருக்கு மட்டும், கைமாறினால் செல்லாது. கம்பெனி இருந்த காலத்திலேயே இதுதான் நிலைமை. இப்போது கம்பெனியே இல்லை. பிரெஸ்காட்டுக்கு அனுப்பினால் யார் வாங்குவார்கள்? இப்படியிருக்க, 'ஆயுட்கால வாரண்டி' என்று போட்டுப் பழைய டெசோரோவை விற்கிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கடையோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு கார்டு கொடுத்த வங்கியிடம் போனேன். ஒப்புக்கொண்டபடி பொருள் வரவில்லை என்றால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியதால்தான் இந்த வழி இருந்தது. கடைக்காரர் சொன்ன 25 டாலர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டிருந்தால் இந்தக் கதவு அடைபட்டிருக்கும். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், நான் கேட்ட கேள்வி, அவர்கள் சொன்ன 'ஆமாம்', பார்சலைப் பிரித்த அன்றே எடுத்த முகப்புப் படம், விரிசலின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். விளம்பரத்தை வாங்கும் முன்பே படமெடுத்து வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். பார்சல் வந்தபின் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கமே மாறியிருந்தது.

வங்கி என் பக்கம் தீர்த்தது. பொருளின் விலை முழுக்கத் திரும்பியது, திருப்பி அனுப்பிய கூரியர் செலவு மட்டும் என் கையைவிட்டுப் போனது.

டெசோரோவில் இதேபோல மாற்றிக் கொடுக்க வசதியான இன்னொரு ஜோடி வக்கேரோவும் சிபோலாவும். ஒரே உடல், ஒரே மாதிரிக் காயில். வக்கேரோவில் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழ் வெளியே இருக்கும், சிபோலாவில் இருக்காது. மாடல் பெயரைத் தேடிக்கொண்டிருக்காமல் குமிழைப் பாருங்கள். கொம்பாத்ரேயில் இருப்பதே ஒரே குமிழ்தான்: ஆன் செய்வதும் அதிலேயே, எந்த உலோகத்தைத் தள்ளுவது என்று முடிவுசெய்வதும் அதிலேயே. எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. ஆனால் அதன் காயில் நேரடியாக வயரில் இணைத்தது, கழற்றி மாட்ட முடியாது. ஆகவே காயில் உடைந்த கொம்பாத்ரே எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். 'காயில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மற்ற கம்பெனிகளிலும் பெயர்க் குழப்பம் குறைவில்லை, எண்ணில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். காரெட்டின் ஏஸ் 250 வந்தது 2005இல். ஏஸ் 200, 300, 400 வந்தது 2016இல். எண் பெரியது என்பதால் 250தான் 200ஐவிடப் புதுசு என்று சொல்லி விற்கிறார்கள். மைன்லேபின் எக்ஸ்-டெர்ரா 30, 50, 70 பிறகு 305, 505, 705 ஆனது. பல வருடம் கழித்து 2023இல் எக்ஸ்-டெர்ரா ப்ரோ என்று அதே பெயரில் முற்றிலும் வேறு கருவி வந்தது. அவர்களே மடக்கிப் பைக்குள் வைக்கிற மாதிரி செய்த கோ-ஃபைண்ட் 20, 40, 60 அடுத்து 22, 44, 66 ஆனது. ஃபிஷரில் எஃப்2க்குப் பின் எஃப்22, எஃப்4க்குப் பின் எஃப்44. ஏஸ் 250, 350ஐ ஞாபகப்படுத்தும் எம்டி-6250, எம்டி-6350 என்ற மலிவுக் கருவிகளும் இணையத்தில் கிடைக்கும். அவற்றுக்கும் காரெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் முகப்புப் பலகையின் படம் கேளுங்கள், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு. காயிலின் உறையைக் கழற்றி அடிப்பக்கமும் ஒரு படம். பேட்டரி அறையைத் திறந்து ஒரு படம். முடிந்தால் ஒரு நிக்கல், ஒரு புல் டேப் (பானக் கேனைத் திறக்க இழுக்கும் வளையம்), ஒரு ஆணி மூன்றையும் காயிலுக்கு முன்னால் காட்டி, வேண்டாத உலோகத்தைத் தள்ளும் டிஸ்க்ரிமினேஷன் குமிழைத் திருப்புகிற சின்ன வீடியோ. குமிழைக் கூட்டக் கூட்ட முதலில் ஆணி அடங்க வேண்டும், பிறகு நிக்கல், அப்புறம்தான் பெரும்பாலும் டேப். நேர்மையாக விற்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

போன வாரம் அதே கடை இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறது. 'டெசோரோ யூமேக்ஸ், வக்கேரோ டைப்' என்று தலைப்பு, படத்தில் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழோடு அழகான வக்கேரோ. வேறொரு கணக்கிலிருந்து முகப்புப் படம் கேட்டு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. விலையை மட்டும் 20 டாலர் குறைத்திருக்கிறார்கள்.