பெட்டியில் பாதி மளிகை வேண்டாம்: ஷார்ஜாவில் வாங்கிச் சமைத்த அனுபவம்

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நம்ம பக்கத்திலிருந்து ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில், விசா வந்த அன்றே மளிகைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். முப்பது கிலோ பெட்டியில் துணிமணி கொஞ்சம், மீதி அத்தனையும் புழுங்கலரிசி, துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், மல்லாட்டை (வேர்க்கடலை), ஊறுகாய். ஷார்ஜாவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். முதலில் பேச்சலர் ரூமில் பங்கு போட்டுச் சமையல், அப்புறம் மனைவி பிள்ளைகளோடு தனி வீடு, இரண்டு விதமாகவும் மாசா மாசம் மளிகை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மூட்டையில் பாதிக்கு மேல் அங்கேயே நல்லதாகக் கிடைக்கிறது. விலையும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. காசு கரைவது வேறு இடத்தில், வயிறு கெடுவதும் வேறு இடத்தில்.

கொண்டு போகவே கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கசகசா. நம்ம வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா, அபின் எடுக்கிற செடியின் விதை என்பதால் அங்கே தடை. சமையலுக்குத்தான், சின்னப் பொட்டலம்தான் என்று சொல்லித் தப்ப முடியாது, பிடிபட்டால் கேஸ் ஆகிவிடும். தனியாக எடுத்துப் போகாவிட்டாலும், வீட்டில் அரைத்த கறிமசாலாவில் கலந்திருக்கிறதா என்று அரைத்தவர்களிடமே கேட்டுவிடுங்கள். வெற்றிலை, பான் சம்பந்தப்பட்ட பொருட்களும் கூடாது, கிரகப்பிரவேசத் தாம்பூலப் பை அப்படியே பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்பரை விமானத்திலேயே ஏறாது, எண்ணெய்ப் பதம் அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும் போதும், இரண்டும் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

இனி செலவு. போன புதிதில் எல்லோரும் செய்கிற காரியம், எதை எடுத்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. அந்த ஊர்ப் பணமான ஒரு திர்ஹம் இருபது ரூபாயைத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது, அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு கட்டு கொத்தமல்லியைக்கூட வாங்க மனசு வராது, அதுவும் ரேஷனில் அரிசி இலவசமாக வாங்கிய வீட்டிலிருந்து போனவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். சம்பளமும் திர்ஹத்தில்தான் வருகிறது, அதனால் சம்பளத்தில் எத்தனை பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். 2018 ஜனவரியிலிருந்து 5 சதவீத வரி உண்டு, அரிசி பருப்புக்கும் சேர்த்துத்தான்.

அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, கோழி இவையெல்லாம் பெரிய ஹைப்பர்மார்க்கெட்டில் வார ஆஃபர் பார்த்து வாங்கினால் கட்டுப்படியாகும். 2025 ஜனவரியிலிருந்து சமையல் எண்ணெய், முட்டை, பால் பொருட்கள், அரிசி, சர்க்கரை, கோழி, பருப்பு வகை, ரொட்டி, கோதுமை என்று ஒன்பது அத்தியாவசியப் பொருட்களுக்கு அரசாங்க அனுமதி இல்லாமல் விலை ஏற்றக்கூடாது, ஒரு முறை ஏற்றினால் அடுத்ததற்கு ஆறு மாசமாவது இடைவெளி வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மாச பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

உண்மையில் காசு கரைவது நம்ம ஊர்க் காய்கறியில். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் பெரும்பாலும் விமானத்தில் வருகிறது, அந்தக் கூலியும் விலையில் ஏறிவிடும். ஊரில் கத்தரிக்காய் என்றால் இலவம்பாடி முள்கத்தரிதான் (2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்), அதை அங்கே நான் பார்த்ததே இல்லை. ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த நாட்டுப் பண்ணைகளிலேயே தக்காளி, வெள்ளரி, கத்தரி, கோஸ், குடமிளகாய் எல்லாம் விளைகிறது, பறித்த சூட்டோடு வருகிறது, விலையும் குறைவு. அந்த ஊர் எதை விளைவிக்கிறதோ அதில் சாம்பார் வைக்கப் பழகிக்கொண்ட வீட்டில் செலவு தானாக இறங்குவதை நான் கண்கூடாகப் பார்த்தேன். முருங்கைக்காயை வாரத்துக்கு ஒரு நாள் ஆசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதறிப்போய் மூட்டை மூட்டையாக வாங்குவதும் வேண்டாம். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, ஒரு வாரத்தில் எமிரேட்ஸும் அரிசியை வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்வதை நாலு மாசத்துக்கு நிறுத்தியது. ரூம் ரூமாக ஒரே பீதி, ஆளுக்கு நாலைந்து மூட்டை வாங்கி அடுக்கினார்கள். நாம் தின்கிற இட்லி அரிசியும் பொன்னிப் புழுங்கலும் அந்தத் தடைக்குள்ளேயே வரவில்லை, புழுங்கலரிசிக்கு ஆகஸ்ட் கடைசியில் 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், அவ்வளவுதான். ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் அடுக்கிய மூட்டைகளில் வண்டு வைத்தது. அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்து 2024 மே வரைக்கும் நீடித்தது, அப்போது எகிப்து, துருக்கி வெங்காயத்தில் சமைத்தோம், தண்ணீர் அதிகம் என்பதால் பொன்னிறமாக வதங்க நேரம் பிடிக்கும், மற்றபடி பிரியாணிக்குக் குறை எதுவும் இல்லை.

பக்காலா என்கிற சின்னக் கடை அவசரத்துக்குப் பாலும் குப்பூஸும் (அரபு ரொட்டி) வாங்க அருமையான இடம், கீழேயே இருக்கும், போன் செய்தால் மேலே கொண்டு வந்து தருவார்கள், கடைக்கார சேட்டன் நோட்டில் எழுதிக்கொண்டு மாசக் கடைசியில் வாங்கிக்கொள்வார். மாச மளிகை மொத்தத்தையும் அங்கே கணக்கில் எழுதாதீர்கள், ஒவ்வொன்றிலும் அரை திர்ஹம் ஒரு திர்ஹம் கூடித்தான் இருக்கும். வெயிலில் அடுக்கி வைத்த தண்ணீர் பாட்டிலையும் எண்ணெயையும் எடுக்காதீர்கள். தேதி பார்க்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள், முக்கியமாக ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கட்டி வைத்ததை, அதில் பெரும்பாலும் எக்ஸ்பைரி நெருங்கியதுதான் இருக்கும். ஒரு கடையில் தயிர் டப்பாவின் தேதி மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஷார்ஜா மாநகராட்சியின் 993 எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன், விசாரித்துக்கொண்டு ஆளே வந்தார்கள். துபாயில் இருந்தால் 800900. நாம் வெளிநாட்டுக்காரர்கள், நமக்கெதற்கு வம்பு என்று சும்மா இருக்க வேண்டியதே இல்லை.

மசாலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சில இந்திய பாக்கெட் மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி விற்பனையை நிறுத்தினார்கள். கிருமி கொல்ல அடிக்கிற வாயு அது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதிலிருந்து, பாக்கெட்டே வேண்டாம், ஊரிலிருந்து அரைத்துக் கொண்டு போனால்தான் சுத்தம் என்று எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டு மிளகாய்த்தூளின் ருசிக்கு ஈடு கிடையாது, நானும் கொண்டு போனேன். ஆனால் வீட்டில் அரைத்தது என்பதாலேயே அது பாதுகாப்பு ஆகிவிடாது. சரியாகக் காயாத மிளகாயிலும் மல்லாட்டையிலும் ஒரு பூஞ்சை வளரும், அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும், ஈரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஐரோப்பாவில் இந்திய மிளகாயையும் மல்லாட்டையையும் துறைமுகத்திலேயே நிறுத்திச் சோதிப்பது இதனால்தான்.

நம்ம வெயிலுக்குக் குறை இல்லை, மிளகாயைக் காம்போடு சலசலவென்று சத்தம் வருகிற மாதிரி காயவிடுங்கள், கறுத்ததையும் உள்ளே வெள்ளை பூத்ததையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். மில்லில் அரைத்துச் சூடாக வருகிற தூளை அப்படியே கவரில் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும், அந்த ஈரம் போதும் பூஞ்சைக்கு. பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள். அங்கே போனதும் ஃப்ரீசரில் வையுங்கள், ஆகஸ்ட் செப்டம்பரில் கடலோரத்துக் காற்றில் சுவரே ஈரமாக இருக்கும், வெளியே வைத்தால் தாங்காது. மூன்று மாசத்துக்கு ஆகிற அளவு போதும், ஊருக்கு வருகிற யாராவது அடுத்ததைக் கொண்டு வந்து தருவார்கள். கேழ்வரகு மாவும் இப்படித்தான், ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்தால் வண்டு முட்டையும் செத்துவிடும். களி கிண்டுகிற ஆட்கள் ரூமில் இருந்தால் இது பெரிய உதவி.

நான் அதிகம் கவலைப்படுவது லேபர் கேம்ப்பில் (கம்பெனி கொடுக்கிற தொழிலாளர் குடியிருப்பு) இருக்கிற தம்பிகளின் மதியச் சோற்றைப் பற்றி. மெஸ்ஸில் ராத்திரி இரண்டு மூன்று மணிக்குச் சமைத்து, நாலரைக்கு டப்பாவில் கட்டி, பஸ்ஸில் போட்டு, சைட்டில் ஒரு மூலையில் வைத்து, பன்னிரண்டரைக்குத் திறப்பார்கள். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை கூடாது என்று சட்டமே இருக்கிறது, அந்த அளவுக்குச் சூடு, அதில் சோறும் கிடக்கிறது. அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் விதை வேகவைத்தாலும் சாகாது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்கில் இருந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் வெயில் பட்டது என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் அதையே தின்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கஷ்டமாக இருக்கும்.

கூட்டமாகக் கேட்டால் மெஸ்காரர்கள் மாற்றுவார்கள், எங்கள் ரூமில் கேட்டு மாற்றினோம். கோடையில் தேங்காய் அரைத்த குழம்பு வேண்டாம், அதுதான் முதலில் ஊசும். புளிச்சோறு, சப்பாத்தி, காய்ந்த பொரியல் இவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சோற்றையும் குழம்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சைட்டில் தண்ணீருக்கு ஐஸ் பெட்டி கட்டாயம் இருக்கும், டப்பா வைக்கவும் ஒன்று வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ராத்திரிச் சோறு மிஞ்சினால் பாத்திரத்தோடு அடுப்பு மேலேயே விடாமல், தட்டில் பரப்பி ஆற்றி ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள், பத்துப் பேர் மாறி மாறித் திறக்கிற ஃப்ரிட்ஜ் என்றால் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள், ஒரு தடவைக்கு மேல் சூடு பண்ணாதீர்கள். ஃப்ரீசர் கோழியைச் சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பழக்கம் நிறைய ரூமில் உண்டு, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது தானாக இளகியிருக்கும், பக்கத்தில் இருக்கிற காய் மேல் சொட்டாமல் அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும்.