வேலிக்கருவையை வெட்டி விற்பதா, தூரோடு தோண்டுவதா?

ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா நோயில் விழுந்தபின் எட்டு ஆண்டுகள் அதில் ஏர் இறங்கவில்லை. வரப்பு எது, வயல் எது என்று தெரியாதபடி வேலிக்கருவை மூடிவிட்டது. சீமைக்கருவேலம் என்றும் வேலிக்காத்தான் என்றும் மற்ற ஊர்களில் சொல்கிறார்களே, அதே மரம்தான். நிலத்தை மீட்கப்போகிறேன் என்றதும் ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்கும் கரிக்காரரிடம் விட்டுவிடு என்றார் ஒருவர். ஜேசிபியை இறக்கு என்றார் இன்னொருவர். மருந்தடி, ஆட்டை விடு என்றும் சொன்னார்கள். இவற்றில் இரண்டை நானே செய்து பார்த்தேன். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்து நிலங்களில் நடந்ததைக் கண்ணால் கண்டேன்.

எந்த வழியை எடைபோடுவதற்கும் முன்னால், இந்த மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது கிளையிலும் இல்லை, ஆழத்தில் ஓடும் ஆணிவேரிலும் இல்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்தில், தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரையுள்ள தூரில் இருக்கிறது. உறங்கும் மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் தூரை வெளியே எடுத்துவிட்டால், அடியில் அறுந்து கிடக்கும் வேர் பெரும்பாலும் தளிர்க்காது. தூரை விட்டுவிட்டு மேலே எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் மரம் சாகாது.

கரிக்கு விற்பதில் முதல் கவர்ச்சி, நாம் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது. அடர்ந்த காடாக இருந்தால் கரிக்காரரே நமக்குப் பணம் தருவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வியாபாரி ஆட்களோடு வந்து கணுக்கால் உயரத்தில் அறுத்து எடுத்துச் சென்றார். நிலம் வெளிச்சமாகத் தெரிந்தபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது. அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுக் கிளைகள் வெடித்து வந்தன. முன்பு மரங்களுக்கு இடையே குனிந்தாவது போகலாம். இப்போது முள்புதரில் கால் வைக்க முடியவில்லை. ஒன்றை வெட்டி எட்டாக்கியதுதான் மிச்சம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லிக் கண்டிப்பாக உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். அதே ஆண்டு வெட்டுவதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. அப்போது தூரை விட்டு வெட்டிய கண்மாய்க்கரையில் இன்று நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

ஆனாலும் கரிக்காரர்களைத் தள்ளிவிட நான் சம்மதிக்க மாட்டேன். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது மூட்டம் போட்டுத்தான். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, தழை பரப்பி, மண்ணால் மூடித் தீயிடுகிறார்கள். நாள்கணக்கில் இரவும் பகலும் காவல் இருந்து, வெள்ளைப் புகை மெலிந்து நீலம் காட்டும் பதம் பார்த்து மூட்டத்தை அடைக்கிறார்கள். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும். அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தூர்க்கட்டையின் அருமையும் தெரியும். கிளையைவிடக் கனம் அதிகம், கரியும் கெட்டியாக வரும். ஆகவே பேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மரத்துக்கு விலை கேட்காதீர்கள். ‘மரமும் தூரும் உங்களுக்கு, தோண்டிய குழியை மூடிய நிலம் எனக்கு’ என்று பேசுங்கள். கையில் காசு வராது, அல்லது குறைவாக வரும். ஆனால் கடப்பாரை இறங்கும். எங்கள் நிலத்தின் தென்பாதியை இரண்டாம் முறை இப்படித்தான் விட்டோம். வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. ஒரு கட்டையும் தளிர்க்கவில்லை.

வடபாதியில் ஜேசிபி ஓடியது. வேகத்தில் இதற்கு இணையே இல்லை. தென்பாதிக்கு இரண்டு மாதம் என்றால் இங்கே நான்கு நாள். மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை போவதால் நாம் அவசரப்படுகிறோம், ஓட்டுநரும் அவசரப்படுகிறார். அந்த அவசரத்தில் மரத்தைப் பக்கெட்டால் தள்ளிச் சாய்த்தால் தண்டு கழுத்தில் முறிந்துவிடும், தூர் உள்ளேயே தங்கிவிடும். மேலே மண் மூடிவிடுவதால் நமக்குத் தெரியவும் தெரியாது. பக்கெட்டின் பல்லைத் தூருக்கு அடியில் கொடுத்து நெம்பச் சொல்லி, ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். இன்னொரு கெடுதல் மண்ணுக்கு. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் அடிமண் உவர். தேவைக்கு மேல் ஆழமாகப் புரட்டினால் உவர் மேலே வந்து நல்ல மேல்மண் குழிக்குள் போய்விடுகிறது. வடபாதியில் ஒரு மூலை இன்னும் பயிர் பிடிக்காமல் வெளுத்துக் கிடக்கிறது. ஈரக் கரிசலில் வண்டி புதையும், காய்ந்து இறுகிய கரிசலிலோ தூர் முறியும். ஒரு கோடை மழை பெய்து நான்கைந்து நாள் ஆறிய பதம்தான் சரி.

மருந்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த புதரின் இலையில் தெளித்தால் இலை கருகும், பிறகு துளிர்க்கும். அறுத்த உடனே வெட்டுவாயில் தடவினால் பலன் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் களைக்கொல்லி என்றாலே கை போகும் கிளைபோசேட்டை, பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் கட்டுப்படுத்திவிட்டது. தூரில் உப்பைக் கொட்டுகிறவர்களையும் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் கண்மாய்க்கு ஓடுகிற நிலத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

ஆடு விடுவது பலரும் நம்பும் வழி, நான்கிலும் மோசமானதும் அதுதான். ஆடு இந்த மரத்தின் இலையை விரும்பித் தின்னாது. இனிப்பாக இருப்பதால் காயைத்தான் தேடித் தின்னும். விதை சாகாமல் வயிற்றைக் கடந்து, தோல் இளகி, புழுக்கையோடு எருவும் சேர்த்து விழுகிறது. விதைப்பதற்கு இதைவிட நல்ல வழி அந்த மரத்துக்கு வேண்டாம். காய் உதிரும் காலத்தில் வெளியிலிருந்து கிடை வந்தால், அந்த ஆடுகள் முன்பு எங்கே மேய்ந்தன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, என் கணக்கில் போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான். வருகிற பருவத்திலேயே விதைக்கப் போகிறீர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் ஜேசிபி. அவசரம் இல்லையென்றால், பணம் இருந்தாலும் தூர்ப் பேரத்தோடு கரிக்காரர். மண் கலையாது, நாலு பேருக்குக் கூலியும் கிடைக்கும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி சும்மா போடப்போகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயில் பட்ட வெற்று நிலம் கிடைத்தால் கூட்டமாக முளைக்கும். வடபாதியில் மிளகாயும் தென்பாதியில் சோளமும் போட்டதால், களையெடுக்கும்போதே கன்றுகளும் போய்விட்டன. வரப்போரத்தில் வேம்பும் புங்கும் வைத்து, பனைவிதையும் ஊன்றியிருக்கிறோம். வேலிக்கருவைக் கன்றுக்கு வெயில் வேண்டும். வேம்பின் நிழல் அடர்ந்துவிட்டால் அதன் கீழே அது தலையெடுக்காது.

இன்னொன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மரம் அறுக்க வந்தவர்கள் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்தது போன்ற காயும் உள்ளது நம் நாட்டு மரம். விரல்போல் நீண்டு தொங்கும் பூக்கதிர் உள்ளதே வேலிக்கருவை. எங்கள் மாவட்டத்தில் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களுக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அந்தக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில். எங்கள் கிணற்றடியில் நின்ற இரண்டு மரங்களுக்கு, ஆட்கள் வருவதற்கு முன்பே அம்மா மஞ்சள் துணி கட்டிவிட்டார்.

மூன்றாவது ஐப்பசி இது. மழை விட்ட மறுநாள் காலையில் ஈர மண்ணில் நடந்து, கட்டைவிரல் உயரக் கன்றுகளைப் பிடுங்கி வரப்பில் போடுகிறோம். முதல் ஆண்டு கூடை கூடையாக வந்தன. இந்த ஆண்டு இரண்டு கைப்பிடி.