தாய் நண்டுத் தீவன மூட்டையில் எழுதியிருக்கும் கொழுப்புக் கணக்கை நம்பி ஏமாந்தேன்

சேற்று நண்டுக் குஞ்சு பொரிக்கும் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். "தாய் நண்டுக்கென்றே செய்தது, கொழுப்பு 10 சதவீதம், இனி கணவாய், மட்டி என்று அலைய வேண்டாம்" என்று சொல்லி ஒரு விற்பனையாளர் என் தலையில் தீவனத்தைக் கட்டிவிட்டார்.

ஆறு வாரம் அதை மட்டுமே போட்டேன். அப்புறம் ஒவ்வொரு நண்டாகக் கட்டி எடுத்து, முதுகு ஓடும் வயிற்று மடலும் சேரும் இடத்திலுள்ள மெல்லிய சவ்வை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். முற்றிய சினை என்றால் அங்கே அடர்ந்த ஆரஞ்சு நிறம் தெரியும். நான் பார்த்ததெல்லாம் வெளிறிய மஞ்சள். முட்டையிட்டவை மூன்றே நண்டுகள். அதில் ஒன்று நாலாம் நாளே முட்டைக் கொத்தைப் பிய்த்து உதிர்த்துவிட்டது. மற்ற இரண்டும் பொரித்தன, ஆனால் குஞ்சுகளுக்குத் தெம்பே இல்லை. நல்ல சோயியா, அதாவது முட்டையிலிருந்து வந்த புதுக் குஞ்சு, வெளிச்சத்தைக் கண்டால் மேலே மொய்க்கும். இவை அடியில் படிந்து கிடந்தன.

விற்றவரைக் கேட்டால், "10 சதவீதம் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்கிறார். இருக்கிறதுதான். பரிசோதனைக்கு அனுப்பியபோது, அதில் பெரும்பங்கு பாமாயில் கொழுப்பு. ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் பேருக்குக்கூட இல்லை. தாவர எண்ணெய்களில் இவை இருப்பதும் இல்லை. நண்டு இவற்றைத் தன் உடம்பில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளாது. கொலஸ்ட்ராலை அறவே உண்டாக்காது. எல்லாம் தீனியில்தான் வரவேண்டும். சினை முற்றும்போது தாய் இந்தக் கொழுப்புகளை முட்டைக்குள் சேர்த்துவைக்கிறது. கருவுக்குச் சாப்பாடும் அதுதான், உடம்பு கட்டும் சரக்கும் அதுதான். மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்ற எண் இதில் எதையும் சொல்லாது.

இன்னொன்று, நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். ஒரு குருணையை விரலால் நசுக்கினால் காறிய எண்ணெய் வாடை வந்தது. கெட்டுப்போன கொழுப்பு நண்டுக்குக் கெடுதல். வைட்டமின் ஈ-யையும் அழித்துவிடும்.

இப்போது மிஞ்சிய நண்டுகளுக்குக் கணவாயும் மட்டியும் கடற்புழுவும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். இனி யார் தாய் நண்டுத் தீவனம் விற்க வந்தாலும், கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பரிசோதனைத் தாளையும் தயாரித்த தேதியையும் கேளுங்கள். தர மறுத்தால் ஒரு மூட்டைகூட இறக்கவிடாதீர்கள்.