பாதுகாப்பு ஆய்வு என்று சொல்லி வருபவர்களிடம் கவனம்

நுவரெலியாப் பக்கம் விடுதி, கடை, டியூஷன் வகுப்பு என்று எதை நடத்தினாலும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஏப்ரல் சீசனுக்கு முன்பு, கட்டடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு ஆய்வு செய்து தருவதாகக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் எங்கள் விடுதிக்கு வந்தார்கள். 85,000 ரூபாவையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வரவேற்பறையில் தேத்தண்ணீர் குடித்தார்கள், ரவுட்டரில் ஒரு லேப்டொப்பைச் செருகினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் தடிமனான அறிக்கை ஒன்று வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டியல்கள், முழுக்க ஆங்கிலம். ஒரு பக்கத்தில் வேறொரு ஹோட்டலின் பெயர் அப்படியே கிடந்தது. மென்பொருள் தானாகத் தந்ததை அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் பார்க்காததைச் சொல்கிறேன். தேயிலை மலைப் பக்கம் திறக்கும் சமையலறைக் கதவின் கொண்டியை, இடுக்கில் கத்தியை விட்டுத் தூக்கினாலே போதும், கதவு திறந்துவிடும். இரவில் மூடுபனி இறங்கினால் பின்பக்கக் கமராவில் வெறும் வெள்ளைதான் தெரியும். கமரா விடும் அகச்சிவப்பு வெளிச்சம் பனியில் பட்டு அதற்கே திரும்பி வருவதுதான் காரணம். இந்த ஊரில் ஓர் இரவு நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விருந்தினர்களின் பாஸ்போர்ட் பிரதிகள் உள்ள கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 7. அதற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. கமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டிக்கோ, அது வரும்போதே இருந்த 12345தான் பாஸ்வேர்ட். 2016இல் மிராய் என்ற தீங்கு செய்யும் மென்பொருள் உலகம் முழுக்கக் கைப்பற்றியது இப்படிப் பாஸ்வேர்ட் மாற்றாத கமராக்களையும் பெட்டிகளையும்தான். அறிக்கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் படிக்கும் அக்காவின் மகன்.

முறையாகச் சோதிப்பவர் முதலில் எழுத்தில் அனுமதி கேட்பார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது குற்றம். இவர்கள் ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை. அந்த அனுமதித் தாளை நீட்டாதவரை யாரையும் ரவுட்டர் பக்கம் விடாதீர்கள். எதையெல்லாம் சோதிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். இருட்டிய பிறகும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டையையும் நேரில் காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஆய்வு முடிந்துவிட்டது என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறோம். உங்களிடமும் இப்படி வாங்கியிருந்தால் நீங்களும் முறையிடுங்கள்.