தெருவில் தெரியாதவர்களைப் படமெடுக்க: டெலி லென்ஸா, சின்னக் கேமராவா, போனா?

சென்னை தங்கசாலை தெருவில் ஒரு காலை நேரம். ஒருவர் மீன்பாடி வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எதிர் வாடையில் நின்று, 55-250 டெலி லென்ஸை, அதாவது தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸை, முழுக்க நீட்டி நாலைந்து படம் எடுத்தேன். அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மூட்டையை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். “சார், கார்ப்பரேஷனா?”

வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். தூரத்தில் நின்று நீளக் குழாயால் எடுப்பவன் யாராக இருப்பான்? ஒன்று பத்திரிகைக்காரன், இல்லை ஆபீஸ்காரன். அவர் கணக்கு சரிதான். கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கும்) படத்துக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

டெலியில் ஆரம்பிப்போம். கேனன் கிட் (லென்ஸோடு சேர்த்து விற்கும் கேமரா) வாங்கிய பாதிப் பேர் வீட்டில் 55-250 இருக்கும். லென்ஸின் எண் மில்லிமீட்டரில்; எண் கூடக் கூடப் பார்வை குறுகும், குறையக் குறைய அகலும். அந்தக் கேமராவில் 250 என்பது, பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 400-க்குச் சமம். கை நடுங்காமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/500 வினாடியாவது வேண்டும். அந்த முனையில் அப்பர்ச்சரோ (ஒளி நுழையும் துளை; எண் சின்னதானால் துளை பெரிது) 5.6-க்கு மேல் திறக்காது. சௌகார்பேட்டை மாதிரி வெயில் இறங்காத சந்துகளில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) சர்ரென்று 3200-க்கு ஏறி, படம் பொரிபொரியாகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் அவருக்கும் நடுவே ஆட்டோ, தள்ளுவண்டி, மாடு என்று எதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும், அதுதான் எரிச்சல். எல்லாம் தப்பி ஒரு படம் கிடைத்தாலும் முகம் மட்டும் இருக்கும், பின்னால் தெரு கரைந்து போயிருக்கும். தெருவைக் காணோம் என்றால் அது என்ன தெருப் படம்?

மெரினா மணலிலோ, அறுபத்துமூவர் கூட்டத்தில் நகர முடியாமல் ஒரு திண்ணையில் ஏறி நிற்கும்போதோ டெலிதான் கைகொடுக்கும். மறுக்கவில்லை.

போன் நேர் எதிர். எல்லார் கையிலும் இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்சார் சின்னது, அதனால் ஃபோகஸ் தவறுவதும் அபூர்வம். ஆனால் பெரும்பாலான போன்களின் மெயின் லென்ஸ் 24-26 அளவு அகலம். ஓரத்தில் நிற்பவர் முகம் பூசணிக்காய் மாதிரி இழுபடும். மாலை மங்கினால் போன் பல ஃப்ரேம்களை அடுக்கி ஒன்றாக்குவதால், நடப்பவரின் கால் பேய்க்கால் ஆகிவிடும். இன்னொன்று, போனைக் கண்டால் மக்களுக்கு இப்போது ஒரே கேள்விதான்: “இன்ஸ்டாவுல போடுவீங்களா?” ரங்கநாதன் தெருவில் ஒரு அக்கா என்னிடம் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கார்ப்பரேஷன் பயம் போய் ரீல்ஸ் பயம் வந்திருக்கிறது.

மூன்றாவது, ரிக்கோ ஜிஆர் 3 மாதிரி சட்டைப் பையில் அடங்கும் கேமரா. 2019-இல் வந்தது. பேட்டரியோடு 257 கிராம். லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 28-க்குச் சமம், சென்சார் சாதாரண டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) அளவு. இதில் என்னைக் கட்டிப் போட்டது ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று வைத்துவிட்டு, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடாமல் சட்டென்று எடுத்துவிடும். அப்பர்ச்சர் 8-இல் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது, கண்ணில் வைக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி 200 படம் தாங்கினால் பெரிசு. தூசி உள்ளே போய் சென்சாரில் உட்காரும் என்ற புகார் இந்த வரிசைக்குப் பழையது; நம் ஊர்த் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். 28 போதாது என்பவர்களுக்கு 2021-இல் வந்த 3எக்ஸ் உண்டு, 40-க்குச் சமம்.

என் ஓட்டு இந்தச் சின்னக் கேமராவுக்குத்தான், ஆனால் படத் தரத்துக்காக அல்ல. இரண்டு மீட்டரில் நிற்பவனை எதிரில் இருப்பவரும் பார்க்கிறார். படம் எடுத்த பிறகாவது கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்ல முடியும். அவர் கண் முன்னாலேயே அழித்துவிடலாம், இரண்டு மூன்று தடவை அழித்தும் இருக்கிறேன். டெலியில் அந்த வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஒளித்து எடுப்பது புதிதல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்தார். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தது 1966-இல்தான். நாம் எடுத்த அன்று சாயங்காலமே நெட்டில் ஏற்றிவிடுகிறோம்.

பொது இடத்தில் படம் எடுப்பதையே மொத்தமாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்லியாயிற்று. பிளாட்பாரத்தில் தூங்குபவர்களை எந்தக் கருவியாலும் எடுப்பதில்லை என்பது என் சொந்தச் சட்டம்.

ரிக்கோ வாங்கக் காசு இல்லையா? 55-250-ஐ வீட்டில் வைத்துவிட்டு, அதோடு வந்த 18-55-ஐ 18-இல் நிறுத்துங்கள். அது ஃபுல் ஃப்ரேமில் கிட்டத்தட்ட 29. அப்பர்ச்சர் 8. ஆறரை அடி (அதே 2 மீட்டர்) தள்ளி இருக்கும் ஒரு கம்பத்தில் ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு, ஃபோகஸ் அங்கேயே நிற்க, லென்ஸின் பக்கவாட்டு சுவிட்சை எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளுங்கள். ஜூம் வளையம் நகராமல் இருக்க ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிக்கொள்ளலாம்.