எனக்கு ஏன் விரால்?

சூரைப் புட்டு தின்ற அரைமணி நேரத்தில் முகம் சிவந்தது, கழுத்தில் தடிப்பு, தலைக்குள் இடி. மீனே ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுவாரம் தின்ற விரால் குழம்பு ஒன்றும் செய்யவில்லை. மருத்துவர்தான் ஹிஸ்டமைனைச் சொன்னார்; இப்படிச் சிவப்பும் தடிப்பும் தலைவலியும் கிளப்பும் வேதிப்பொருள் அது. அதைக் குடலில் சிதைக்கும் டிஏஓ என்னும் நொதி எனக்குக் குறைவாக இருக்கலாமாம். 'இருக்கலாம்' என்பதைத் தாண்டி அவரும் போகவில்லை.

ருசியில் கண்மாய் மீனைவிடக் கடல் மீன்தான். ராமநாதபுரத்தில் பிறந்தவன் வேறெப்படிச் சொல்வான்? முள் தொல்லை விராலில் குறைவு, விலை கடிக்கும்.

மதுரையில் இருந்துகொண்டு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மீன் எப்போது செத்தது? சூரை, சாளை, அயிலை இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். செத்தபின் பாக்டீரியா அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஐஸ் குறையக் குறைய வேகம் கூடும். படகில் எத்தனை மணி நேரம், ஏலத்தில் எவ்வளவு, மதுரை வரும் வழியில் ஐஸ் உருகியதா, யாருக்குத் தெரியும்? நம் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கேரளக் கரையிலிருந்து வரும் மீனுக்குப் பயணம் இன்னும் நீளம். செவுள் சிவப்பாக இருக்கும், நாற்றமும் இருக்காது, ஹிஸ்டமைன் மட்டும் ஏறியிருக்கலாம். ஏறியது கொதித்தாலும் வறுத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் இறங்காது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தரநிலை) வரம்பும் என்னைப் போன்றவர்களை நினைத்துப் போட்டதல்ல.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அலுமினியச் சட்டியில் நாலு விரல் தண்ணீரில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். “எதுண்ணே வேணும்?” என்று கேட்டு, கைகாட்டியதைக் கண்முன்னே அடித்து வெட்டித் தருகிறார் மீன் விற்கும் அக்கா. ஒரு மணி நேரத்தில் அது குழம்புச் சட்டியில். கண்மாய் மீன் எல்லாவற்றுக்கும் இந்தச் சலுகை கிடையாது. கெண்டை இனத்திலும் ஹிஸ்டிடின் உண்டு, ஐஸில் கிடக்கும் கட்லாவை நான் வாங்குவதில்லை.

பழைய மீன்குழம்பை விட்டதுதான் பெரிய இழப்பு. கருவாட்டின் பக்கமே போவதில்லை. தக்காளியும் ஆகாது என்பார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை, மற்றவர்களுக்கு எப்படியோ.

ஊருக்குப் போனபோது கரைவலையில் துள்ளிய சாளையை அங்கேயே சுட்டு இரண்டு முறை தின்றேன். தடிப்பு வரவில்லை. இரண்டு முறையை நம்பிச் சூரையைத் தொட இன்னும் துணியவில்லை.