ஐபி கேவிஎம் வாங்கப் போகிறவர்கள் கவனம்: கடையில் வேலை செய்தது ரேக்கில் வேலை செய்யாது

கொழும்பில் சேர்வர் பராமரிக்கிறவர்கள், முக்கியமாக ஒன்றிரண்டு ரேக் (சேர்வர்களை அடுக்கிப் பூட்டும் சட்டகம்) வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களில் இருக்கிறவர்கள், இதை வாசித்துவிட்டு உங்கள் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள். பதினாறு போர்ட் ஐபி கேவிஎம் ஸ்விட்ச் ஒன்றை, "புதுச் சாமான், பெட்டி மட்டும்தான் உடைச்சது" என்று சொல்லி, மூன்றரை இலட்சத்துக்கு எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

இந்தச் சாமானோடு பழகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சேர்வருக்கும் தனியாகக் கீபோர்ட், மொனிட்டர், மவுஸ் வைக்க முடியாது என்பதால், சேர்வரின் பின்னால் ஒரு சின்ன டொங்கிளைச் செருகி, அதிலிருந்து கேட்5 நெட்வொர்க் கேபிளை இந்த கேவிஎம் ஸ்விட்சுக்கு இழுத்துவிடுவோம். ஒரே கீபோர்ட், மொனிட்டர், மவுஸை வைத்து எல்லாச் சேர்வரையும் மாறி மாறிப் பார்க்கலாம். ஐபி வசதியும், அதாவது நெட்வொர்க் வழியாகப் பார்க்கும் வசதியும் இருந்தால் வீட்டிலிருந்தே அந்தத் திரையைப் பார்க்கலாம். விண்டோஸோ லினக்ஸோ எழும்பாமல் கிடக்கும்போது, தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைய வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச், ரிமோட் டெஸ்க்டொப் எதுவும் உதவாத அந்த நேரத்துக்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்து இதை வாங்குகிறோம். ஏமாற்றியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

கடையில் ஒரு பழைய லெப்டொப்பில் திரையை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள். "தம்பி, லண்டன்ல இருந்தாலும் உங்கட சேர்வரைத் திறக்கலாம், பாருங்கோ" என்று விற்றவர் மவுஸை அசைத்துக் காட்டினார். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில், நோட்பேடில் நான்கு எழுத்து அடித்தும் காட்டினார். ரீஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னதற்கு, அது கடையின் பில்லிங் மெஷின், நிறுத்த முடியாது என்றார். அந்த லெப்டொப்பில் இருந்தது விண்டோஸ் 7, பழைய பயர்பாக்ஸ், பழைய ஜாவா என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏனென்றால் அந்த ஸ்விட்சின் ரிமோட் திரை ஜாவா அப்லெட்டில், அதாவது பிரவுசருக்குள் ஒரு செருகியின் உதவியோடு ஓடும் சின்ன நிரலில் ஓடுவது. குரோம் அந்த வகைச் செருகிகளை 2015 இலும் பயர்பாக்ஸ் 2017 இலும் கைவிட்டுவிட்டன. அதோடு இந்தப் பெட்டிக்கு இணைப்பை மறைகுறியாக்கும் முறைகளில் பழைய டிஎல்எஸ் 1.0 மட்டும்தான் தெரியும், அதையும் பிரவுசர்கள் 2020 இலிருந்து ஒதுக்கத் தொடங்கிவிட்டன. லொகின் பக்கமே வராது. "ஃபேர்ம்வெயார் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) போட்டால் சரி" என்றார்கள், ஆனால் அந்த மொடலுக்குப் புதிய ஃபேர்ம்வெயார் தயாரிப்பாளரின் தளத்தில் இல்லை. விற்கிறவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரியாதவர் எதற்காக அப்படி ஒரு லெப்டொப்பை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்?

சரி, நேரில் போயாவது பயன்படுத்தலாம் என்று ரேக்கில் பூட்டினோம். நல்ல டொங்கிள் என்றால், நீங்கள் வேறு சேர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சேர்வரிடம் "கீபோர்ட் இருக்கிறது, மொனிட்டர் இருக்கிறது" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்குத் தந்ததில் பாதி ஒரிஜினல் இல்லை, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியவை. சேர்வர் ரீஸ்டார்ட் ஆகி முதல் திரை வரும்போது எஃப்2 ஐ எத்தனை தரம் அமுக்கினாலும் எடுபடவில்லை, கீபோர்ட் இல்லை என்ற செய்திதான் வந்தது. விண்டோஸ் வந்த பிறகு அதே கீபோர்ட் ஒழுங்காக வேலை செய்கிறது! பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும்ப முன்னர் வரும் அமைப்புத் திரைக்குள் போக முடியாத கேவிஎம்மை வைத்து என்ன செய்வது? கடைசி வரிசை ரேக்குக்குப் போன நீளக் கேபிளில் ஒவ்வொரு வெள்ளை எழுத்தின் ஓரத்திலும் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிந்தன. கேபிளுக்குள் உள்ள கம்பிச் சோடிகளின் நீளம் சற்று வேறுபடுவதால் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வந்து சேராமல் வருகிற கோளாறு அது. திருத்தும் வசதி இருப்பதாகச் சொல்லி விற்ற பெட்டியில் அந்த மெனுவே இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். ரேக்கில் நேரில் பூட்டிய மொனிட்டரில் போர்ட் பட்டியலைத் திறந்தால் யாரோ வேறு நிறுவனத்தின் சேர்வர் பெயர்கள், அவர்களுடைய பயனர் கணக்குகள், பல வருடத்து லொகின் பதிவுகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. புதுச் சாமானில் எப்படி அது வரும்? பழைய சேர்வர் சாமான்களை ஏலத்தில் கழிக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள், ஃபெக்டரி ரீசெட் செய்யாமல் வெளியே விடாதீர்கள். உங்கள் சேர்வர் அறையின் வரைபடம் கடை மேசையில் கிடக்கிறது.

திருப்பிக் கொண்டுபோனபோது "ரேக்ல பூட்டினாப் பிறகு எடுக்க ஏலாது" என்றார்கள். பில்லில் "கேவிஎம் 1" என்று மட்டும் இருந்தது, மொடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. கேட்டு எழுதி வாங்குங்கள், "புதியது" என்ற சொல்லையும் சேர்த்து. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கியதிலிருந்து பயோஸ் திரை வரை உங்கள் சொந்த லெப்டொப்பில், இன்றைய பிரவுசரில் காட்டச் சொல்லுங்கள். எல்லா டொங்கிளையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, உங்கள் சேர்வர்களில் ஐடிராக் (டெல்), ஐலோ (எச்பி) என்ற உள்ளேயே வரும் ரிமோட் பராமரிப்பு வசதி ஏற்கெனவே இருந்தால் ரிமோட் திரைக்கான உரிமத்தின் விலையை முதலில் விசாரியுங்கள், எங்கள் சேர்வர்களில் பாதிக்கு அதுவே போதுமாக இருந்தது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். அவர்களுடைய தொலைபேசி 1977. இதே மாதிரிப் பெட்டியும் அதே விண்டோஸ் 7 லெப்டொப்பும் உங்களுக்கும் காட்டப்பட்டிருந்தால் பில்லையும் போர்ட் பட்டியலின் ஸ்கிரீன் ஷொட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், விசாரணைக்கு ஒன்றாகப் போகலாம்.